பள்ளிக்கூட நேரத்தில் மெஷின் ஷாப்புக்குப் போகிறேன் என்கிறான் மகன். கையெழுத்துப் போடலாமா?

கணபதிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கங்க. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கிக்கு மேற்கே வாக்கிஷா பக்கம் இருக்கிறோம். இந்த ஊருக்கு வந்து 17 வருஷம் ஆச்சு. நான் வங்கி மென்பொருள் வேலை, மனைவி ஆஸ்பத்திரி லேப்பில். மூத்தவன் பத்தாவது முடிக்கப் போகிறான். போன நவம்பரில் 16 முடிந்தது. இங்கேயே பிறந்தவன்.

போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தோடு வந்தான். யூத் அப்ரென்டிஸ்ஷிப், அதாவது ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு தொழிற்பயிற்சி. மேனுஃபேக்சரிங் பிரிவு. பதினொன்றாவதில் காலை 11.20 வரை வகுப்பு, அதற்கப்புறம் கால் மணி நேர தூரத்தில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. நாற்பது பேர் வேலை செய்யும் இடம், ஹைட்ராலிக் பம்பு உதிரி பாகங்கள் செய்கிறார்கள். வாரம் 15 மணி நேரம், மணிக்கு 14 டாலர். ஒரு வருஷம் என்றால் 450 மணி நேரம், இரண்டு வருஷம் என்றால் 900. முடித்தால் மாநில அரசின் சான்றிதழ். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். மே முதல் வாரத்துக்குள் கொடுக்கணும்.

இதில் எனக்கென்ன தயக்கம் என்று கேட்பீர்கள். எங்கப்பா கோயம்புத்தூர் கணபதியில் டர்னர். 14 வயசில் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவர். கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி, இரும்புச் சுருள் அள்ளி, யாரும் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துப் பார்த்தே லேத் கற்றுக்கொண்டார். இடது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. அது பவர் பிரஸ்ஸில் போனது. நான் பள்ளி விட்டு சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு "போ, போய்ப் படி" என்பார். ஒரு நாள்கூட என்னை மெஷின் பக்கம் நிற்க விட்டதில்லை. நான் இன்ஜினியரிங் முடித்து இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அந்தத் துரத்தலால்தான்.

இப்போது பேரன் அதே லேத்தைத் தேடிப் போகிறான். ரோபாட்டிக்ஸ் கிளப்பில் பிராக்கெட் செய்கிறேன் என்று ஆரம்பித்தது, வீட்டு கராஜில் அரமும் கையுமாக நிற்பதில் வந்து முடிந்திருக்கிறது. மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "மூணு தலைமுறையா ஏறினதை ஒரே படிவத்துல இறங்கறதா?"

காலேஜ் சேர்க்கைக்கு இது இடைஞ்சலா? பாதுகாப்பு எப்படி? நம் ஆட்களில் யாராவது பிள்ளையை அனுப்பியிருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்க. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரை அம்மா:

தம்பி, நான் அனுப்பினேன். பையனை இல்லை, பொண்ணை. இரண்டு வருஷமும் முழுசா முடித்தாள். இப்போது பிளாட்வில் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம். அதனால் காலேஜ் கதவு சாத்திவிடுமோ என்ற பயத்தை முதலில் இறக்கி வைங்க.

ஆனால் எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதலில் சேர்ந்த கம்பெனியில் ஏழு வாரம் அட்டைப்பெட்டி மடிக்க வைத்தார்கள். பெயர் வேண்டாம். ஒரு மெஷினைக் காட்டக்கூட இல்லை. இவளும் வாய் திறக்கவில்லை, சம்பளம் வருகிறதே என்று இருந்துவிட்டாள். ஒருநாள் துணி துவைக்கும்போது பாக்கெட்டில் ஒரு தாள் கிடைத்தது. இந்தத் திட்டத்தில் என்னென்ன வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று வரிசையாக ஒரு பட்டியல் உண்டு. வரைபடம் படிப்பது, அளவு எடுப்பது, மெஷின் செட்டப், தரச் சோதனை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே கம்பெனியில் பொறுப்பாக இருக்கும் ஆள் எந்த அளவு தேறினாள் என்று மதிப்பெண் போட்டுக் கையெழுத்து வைக்கணும். ஏழு வாரம் ஆகியும் அந்தப் பட்டியல் வெள்ளையாக இருந்தது.

நேரே பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் போய் அந்தத் தாளை மேசை மேல் வைத்தேன். அடுத்த மாதமே வேறு ஷாப். அங்கேயும் முதல் மூன்று மாதம் பிசிறு எடுக்கும் வேலைதான், விரலெல்லாம் கீறல். ஆனால் ஒரு வித்தியாசம். பிசிறு ஏன் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது, டூல் மழுங்கினால் எப்படிப் பெரிசாகிறது என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறாவது மாதம் சி.என்.சி. மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில், டூல் ஆஃப்செட் (வெட்டும் டூலின் அளவுத் திருத்தம்) மாற்றினாள். இரண்டாவது வருஷம் முதல் பீஸ் சரியா என்று அளந்து கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிட்டாள்.

அங்கேதான் அவளுக்கே ஒன்று புரிந்தது. மெஷின் ஓட்டுவதைவிட அளப்பதுதான் பிடித்திருக்கிறது என்று. பதினேழு வயசில் அது தெரிவது லேசுப்பட்ட விஷயமா? என் அண்ணன் மகன் நாலு வருஷம் ஃபீஸ் கட்டிய பிறகுதான் தனக்கு சர்க்யூட் பிடிக்காது என்று கண்டுபிடித்தான்.

போன செமஸ்டர் டிசைன் வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒரு சாதாரண மூடித் தகடுக்கு எல்லாப் பக்கமும் அரை 'தௌ' டாலரன்ஸ் போட்டிருந்தார்களாம், அதாவது இஞ்சில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அளவு பிசகக் கூடாது என்று. இவள் சிரித்துவிட்டாள். "இதை யார் செய்யப்போறது, எத்தனை நாள் ஆகும் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பில் அவ்வளவு பேருக்கும் அதுவரை அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

டெக்னிக்கல் காலேஜ் பாடம் இரண்டை ஹைஸ்கூலிலேயே கிரெடிட்டோடு முடித்ததும் உண்டு. எது எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்க.

இன்னொன்று, சம்பளத்தை நினைத்து யாரும் வீடு கட்ட வேண்டாம். 16 வயசு டிரைவருக்குக் கார் இன்சூரன்ஸ் கட்டியதில் பாதி போய்விட்டது.

முன்னுரிமைத்தேதி2014:

கணபதிக்காரன், உங்கள் மகன் இங்கே பிறந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது உங்களுக்கு இல்லை. இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு.

என் மகன் மூன்று வயசில் வந்தவன். எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. இதே திட்டத்தில் நேர்காணல் போனான், எடுத்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடிகூடக் கொடுத்துவிட்டார்கள். வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பும் அன்றைக்குத்தான் விஷயம் நின்றது. இந்தத் திட்டத்தில் சம்பளம் கட்டாயம். எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. எச்-4 வேலை அனுமதி என்று எல்லாரும் பேசுவது கணவன் அல்லது மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்கு இல்லை. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு அது நிலுவையில் இருந்தால் பிள்ளையின் பெயரிலும் வேலை அனுமதி வாங்கலாம். அதைப் போட கிரீன் கார்டு வரிசையில் எங்கள் தேதி இன்னும் வரவில்லை.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். ரிசப்ஷனில் இருந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு சாக்லேட் கொடுத்தார்.

இப்போது பள்ளியின் மெட்டல்ஸ் வகுப்பிலும் ஸ்கில்ஸ்-யு.எஸ்.ஏ. போட்டியிலும் இருக்கிறான். அதற்கு விசா கேட்பதில்லை. நேர்காணலுக்கு அனுப்பும் முன்பே காகிதத்தைப் பாருங்கள். பிள்ளை ஆசைப்பட்ட பிறகு பார்க்காதீர்கள்.

கால்குலஸ் கந்தசாமி:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 11.20க்குப் பையன் பள்ளியை விட்டுக் கிளம்பினால் மதியம் நடக்கும் வகுப்பு எதுவும் கிடையாது. எங்கள் பள்ளியில் ஏ.பி. பிசிக்ஸ் (காலேஜ் தரப் பாடம்) மதியம் மட்டும்தான். பேண்டு வாத்திய வகுப்பும் அப்படித்தான். இன்ஜினியரிங் சேர்க்கையில் முதலில் கேட்பது கணக்கும் பிசிக்ஸும். லேத்தில் எத்தனை பீஸ் போட்டாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. வாரம் 15 மணி நேரம் வேலை, அதற்குமேல் வீட்டுப்பாடம், தூக்கம் எங்கே? கம்பெனிக்கு மணிக்கு 14 டாலரில் ஒரு இளம் கை கிடைக்கிறது, அவர்கள் ஏன் வேண்டாம் என்பார்கள்?

ஏரிக்கரை அம்மா:

கந்தசாமி சார், கேட்டார்கள். பிளாட்வில்லில் சேர்ந்த முதல் வாரம் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் கேட்டார், அன்றைக்கே அவளுக்கு அங்கே பகுதிநேர வேலையும் கொடுத்தார். ஆனால் பிசிக்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அவள் அதை இழந்தாள், காலேஜ் முதல் வருஷம் கொஞ்சம் திணறினாள். மறைக்க மாட்டேன்.

ரெண்டாவது ஷிப்ட்:

நான் ரசீன் பக்கம் ஒரு பிளான்ட்ல புரொடக்‌ஷன் இன்ஜினியர். அம்பத்தூர் எஸ்டேட்ல ஐ.டி.ஐ. அப்ரென்டிஸா ஆரம்பிச்சவன். இதுவரைக்கும் ஆறு பசங்களுக்கு மென்டரா இருந்திருக்கேன். கம்பெனி பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்க.

கந்தசாமி சொன்ன "இளம் கை" கணக்கு முதல் வருஷம் ஒத்துவராது. பையன் ஒரு பீஸ் போடற நேரத்துல நான் மூணு போடுவேன். அவன் ஸ்கிராப் பண்றது வேற. பக்கத்துல நிக்கற என் நேரமும் போகுது. அப்புறம் ஏன் எடுக்கறோம்னா, எங்க டூல்ரூம்ல இருக்கறவங்கள்ல பாதிப்பேருக்குத் தலை நரைச்சாச்சு. ஒரு டூல் அண்ட் டை மேக்கர் ரிட்டயர் ஆனா அவர் கைக்குள்ள இருக்கற விஷயமும் அவரோடயே போயிடும். விளம்பரம் போட்டு ஆள் கிடைக்கறதில்ல. பள்ளியில இருந்து வர்ற பையன் நல்லா வந்தா, அடுத்து பெரிய அப்ரென்டிஸ்ஷிப் ஒப்பந்தம் போடுவோம். அது நாலஞ்சு வருஷம். இந்த மாநிலத்துல அந்த ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு டெக்னிக்கல் காலேஜ் வகுப்புல உட்கார்ற நேரத்துக்கும் சம்பளம் உண்டு. முடிக்கும்போது கடன் இல்லாம, முழுத் தொழிலாளின்னு காட்டற ஜர்னிமேன் கார்டு கையில.

விஸ்கான்சினுக்கு இது புதுசு இல்ல. 1911லயே அப்ரென்டிஸ் சட்டம் போட்ட ஊர், நாட்டுல முதல் ஆள். ஹைஸ்கூல் பசங்களுக்குன்னு இதைக் கொண்டுவந்தது 1991ல, அதுலயும் இவங்க முன்னோடி. மில்வாக்கியில ஜெர்மன்காரங்க வந்து குடியேறினது சும்மா பியர் காய்ச்ச மட்டும் இல்ல.

பாதுகாப்பு கேட்டீங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க தொடக் கூடாத மெஷின்னு ஃபெடரல் பட்டியல் ஒண்ணு இருக்கு. உங்கப்பா நகத்தை வாங்கின பவர் பிரஸ், தகடு வெட்டற ஷியரிங், வளைக்கற பிரஸ் பிரேக் எல்லாம் அதுல வரும். பள்ளி வழியா எழுத்து ஒப்பந்தத்தோட வர்ற 16, 17 வயசுப் பசங்களுக்கு அதுல விலக்கு உண்டு. ஆனா கொஞ்ச நேரம்தான், அதுவும் அனுபவப்பட்ட ஆள் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கணும். லேத், மில்லிங் அந்தப் பட்டியல்ல வராது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு விலக்கே கிடையாது. என் பையன் ஒருத்தன் அதை ஓட்டத் துடிச்சான், 18 முடிஞ்ச அன்னைக்கு கேக் வெட்டிட்டு நேரா டிரெய்னிங் கேட்டு வந்து நின்னான்.

சட்டம் காகிதத்துல இருக்கும். ஷாப்புல என்ன இருக்குன்னு நீங்க நேர்ல போய்ப் பாருங்க. சி.என்.சி. மெஷின் கதவைத் திறந்தா ஸ்பிண்டில், அதான் சுத்தற தண்டு, சுத்தக் கூடாது, அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அவசரக்காரங்க அதைக் காந்தமோ டேப்போ வச்சு ஏமாத்தி வச்சிருப்பாங்க. அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா பையனைக் கூட்டிட்டு வந்துடுங்க, பேச்சே வேண்டாம். தரையில கூலன்ட் தேங்கி நிக்குதா பாருங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டு யாராவது லேத் ஓட்டறாங்களா பாருங்க, அது ஆகாது, சுத்தறது கையை இழுத்துடும். கடைசியா, மென்டர் யாருன்னு பேரைச் சொல்லிக் கேளுங்க. "எல்லாரும் பார்த்துக்குவாங்க"ன்னு பதில் வந்தா யாரும் பார்த்துக்க மாட்டாங்கன்னு அர்த்தம்.

கணபதிக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மனைவியும் வந்தாள், அதுவே எனக்கு ஆச்சரியம்.

கூட்டிப் போனவர் நல்ல மனுஷன். மென்டர் யார் என்று கேட்டதும் திரும்பி ஒரு பெரியவரைக் கைகாட்டினார். அறுபத்தோரு வயசு, அதே ஷாப்பில் 38 வருஷம். கதவு சுவிட்ச் எல்லாம் பார்த்தேன், ரெண்டாவது ஷிப்ட் சார். நான் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்து இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

பெரியவர் பையன் கையில் ஒரு மைக்ரோமீட்டரையும் ஒரு சின்ன இரும்புக் கட்டையையும் கொடுத்து அளக்கச் சொன்னார். மூன்று தடவை அளந்தான், மூன்று அளவு வந்தது. அவர் திட்டவில்லை. கட்டையை வாங்கித் துணியில் துடைத்து, மைக்ரோமீட்டர் முனையில் இருக்கும் ராட்செட் திருகை மட்டும் இரண்டு விரலால் திருப்பச் சொன்னார், அழுத்தாதே என்றார். அதற்கப்புறம் மூன்று தடவையும் ஒரே அளவு. அந்த ஐந்து நிமிஷத்தில் என் மகன் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் கால்குலஸ் நான் சொல்லிக் கொடுக்கும்போது அந்த முகம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு சங்கடம் வந்தது. மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது, மோதிரம், வாட்ச், கயிறு எதுவும் ஆகாது என்றார்கள். அவன் கையில் போன வருஷம் மருதமலையில் கட்டிய கயிறு. மனைவி முகம் சுருங்கிவிட்டது. அங்கிருந்தே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டேன். ஊரில் ராத்திரி பன்னிரண்டு மணி, ஆனால் விழித்துக்கொண்டுதான் இருந்தார், நாங்கள் போவது தெரியும். கயிற்று விஷயம் சொன்னேன். "கழட்டி மணிபர்ஸ்ல வச்சுக்கச் சொல்லு. முருகன் கோவிச்சுக்க மாட்டான், ஸ்பிண்டில் கோவிச்சுக்கும்" என்றார். மனைவி அதற்குமேல் பேசவில்லை.

அப்புறம் ஷாப்பைக் காட்டச் சொன்னார். போனைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன். ஓரத்தில் ஒரு பழைய கை லேத் இருந்தது. அங்கே வந்ததும் "நில்லு நில்லு" என்றார். "சக்குல சாவி அப்படியே மாட்டியிருக்குது பாரு. எடுக்கச் சொல்லு." சக் என்றால் லேத்தில் இரும்பைக் கவ்விச் சுற்றும் பிடி, அதை இறுக்கும் சாவி அது. எனக்குக் கண்ணில் படவே இல்லை. யாரோ ஒருத்தர் பாதி வேலையில் டீக்குப் போயிருக்கிறார் போல. சாவியை மறந்து மெஷினை ஓட்டினால் அது பறந்து யார் மேல் போய் அடிக்கும் என்று சொல்ல முடியாதாம். மகன் இங்கிலீஷில் பெரியவரிடம் சொன்னான். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்ச் சாவியை எடுத்து, மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். அந்தப் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வந்து போனுக்குள் எட்டிப் பார்த்து, யார் இவர், எத்தனை வருஷம் என்று கேட்டார். 46 என்றேன். கையை உயர்த்திக் காட்டினார். அப்பாவும் காட்டினார், நகம் இல்லாத அந்த விரலோடு.

இரவு அப்பாவிடம் தனியாகக் கேட்டேன், என்னை மட்டும் ஏன் துரத்தினீர்கள் என்று. "உனக்குச் சொல்லிக் கொடுக்க அங்க யாரு இருந்தா? எனக்கே யாரும் சொல்லித் தரலை. அங்க அவனுக்குன்னு ஒரு ஆளு நிக்கறாரு, தாளு இருக்குது, கையெழுத்துப் போடறாங்க. ரெண்டும் ஒண்ணாடா?" என்றார்.

கந்தசாமி சார், உங்கள் பேச்சையும் விடவில்லை. கவுன்சிலரோடு உட்கார்ந்து கால்குலஸைக் காலை முதல் வகுப்பாகப் போட்டாகிவிட்டது. பிசிக்ஸ் பன்னிரண்டாவதுக்குத் தள்ளியிருக்கிறோம். இப்போதைக்கு ஒரு வருஷம், 450 மணி நேரத்துக்கு மட்டும் கையெழுத்து. அதற்குமேல் அவன் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பட்டியலை என்னிடம் காட்டணும் என்று பேச்சு.

ஜூனில் என் தங்கை வீட்டுக்காரர் இங்கே வருகிறார். அவரிடம் அப்பா தன் மைக்ரோமீட்டரைக் கொடுத்தனுப்புகிறார், எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி, பழைய மரப்பெட்டியோடு. அது மில்லிமீட்டர் கணக்கு. இந்த ஷாப்பில் எல்லாமே இஞ்சு. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.